கரீபியன் கடலில் ஒரு மஞ்சள் கயிறு

அத்தியாயம் நான்கு

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சு மேடம். ஆனா எங்கூட இல்ல."

பிரகதீஸ்வரி இதைச் சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்தாள். டிஷ்யூ பேப்பரில் சுற்றியிருந்த நிச்சயதார்த்த மோதிரத்தை எடுத்து எங்கள் மேசை மேல் வைத்தாள்.

நான் சுடர்விழி அக்காவின் காதருகே குனிந்தேன். "அடகுக் கடை பக்கத்து மாடின்னு சொல்லிடவாக்கா?"

"ஃபெமினா, வாயை மூடு" என்றார் அக்கா.

புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் துப்பறியும் நிறுவனம். நிறுவனம் என்றால் ரெண்டு பேர். யோசிப்பது அக்கா, பேசுவது நான். என் பேச்சைக் குறைத்தால் வழக்குகள் சீக்கிரம் முடியும் என்று அக்கா நம்புகிறார். நான் நம்பவில்லை.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் அக்கா.

அவள் சொன்னாள். சொந்த ஊர் குடுமியான்மலை. வேலை புதுக்கோட்டையில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். மாப்பிள்ளை பெயர் சூர்யபிரகாஷ். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் இலுப்பந்தோப்பு கிராமம், திருச்சியில் கம்ப்யூட்டர் வேலை. நிச்சயம் ஆன நாளிலிருந்து ரெண்டு பேரும் போனில் பேசிக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான். தேனிலவுக்குக் கரீபியன் கடலில் பொனேர் என்ற தீவுக்குப் போக வேண்டும், அங்கே ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும். அதற்காகப் பாண்டிச்சேரிக்குப் போய், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கடியில் மூச்சு விடக் கற்று, தேறியதற்கு அட்டைகூட வாங்கிவிட்டார்கள்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் சேர்ந்து பாண்டிச்சேரியா?" என்றேன்.

"எங்கப்பா கூடவே வந்தாருங்க. கரையில குடை புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. நாங்க தண்ணிக்குள்ள போனா, வெளிய வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பாரு."

"அது சரி, உலகத்துல எவ்வளவோ கடல் இருக்கு. ஏன் அந்தத் தீவு?" என்றார் அக்கா.

அழுதுகொண்டிருந்தவள் முகத்தில் சட்டென்று வெளிச்சம் வந்தது. "அங்க போட்டே வேணாம் மேடம்! கரையிலேருந்து நடந்தே உள்ள எறங்கிடலாம். எங்கெங்க எறங்கலாம்னு ரோட்டோரமா மஞ்ச பெயின்ட் அடிச்ச கல்லு போட்டு வச்சிருப்பாங்க. வாடகைக்கு வண்டி எடுத்துக்கிட்டு, கல்லப் பாத்து நிறுத்தி எறங்க வேண்டியதுதான்."

"நம்ம ஊர்ல மஞ்சப் பூசுன கல்லப் பார்த்தா செருப்பக் கழட்டிட்டுக் கும்பிடுவோம். அங்க செருப்பக் கழட்டிட்டுக் குதிக்கிறாங்க" என்றேன்.

எந்த வண்டி, எந்த அறை, காலையில் எந்தக் கல், மதியம் எந்தக் கல், எங்கே எந்த மீன் என்று எல்லாவற்றையும் அவள்தான் திட்டம் போட்டிருக்கிறாள். வைகாசியில் கல்யாணம், மறுவாரம் விமானம். நடுவில் அவள் வீட்டு நெருங்கிய பங்காளி ஒருவர் இறந்துபோனார். தீட்டு. கல்யாணம் ஆவணிக்குப் போய்விட்டது. விமானமும் அறையும் மட்டும் மாற்ற முடியாமல் அதே தேதியில் நின்றன.

"நான்தான் சொன்னேன், வீணாப் போக வேணாம், நீங்க மட்டுமாச்சும் போயிட்டு வாங்கன்னு. வெள்ளோட்டம் மாதிரி. அடுத்து ரெண்டு பேருமாப் போவோம்னு." குரல் உடைந்துவிட்டது. "இப்பப் பாருங்க மேடம்."

போனை நீட்டினாள். அந்தத் தீவின் டைவிங் கடைக்காரர்கள் தங்கள் பக்கத்தில் போட்டிருந்த படம். நீலத் தண்ணீருக்குள் ஒரு ஆள், கறுப்பு உடை, முகமூடி, வாயில் குழாய். எல்லாம் நலம் என்று கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுகிறான். அந்த வலது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் கயிறு. கயிற்றில் ஒரு துண்டு மஞ்சள்.

"கங்கணம் மேடம். கல்யாண மாப்பிள்ளைக்குக் கட்டுற கங்கணம்!"

எனக்கும் சுருக்கென்றது.

"அது மட்டுமில்ல. நம்ம ராத்திரி அவருக்குப் பகல். சாப்டுட்டு நான் கூப்பிட்டா வேற கால்ல இருக்காருன்னு வருது. படுக்கப் போறப்ப கூப்பிட்டாலும் வேற கால். முழிப்பு வந்து கூப்பிட்டாலும் வேற கால். ராத்திரி பூரா எவகிட்டயோ பேசிக்கிட்டே இருக்காரு. முந்தாநாளும் நேத்தும் ரூமைப் படம் எடுத்து அனுப்பினாரு. ரெண்டு தலகாணி. ஒண்ணுல துண்டு. இன்னொண்ணுல..." மூக்கை உறிஞ்சினாள். "பூ கெடக்குது மேடம்!"

"ஹோட்டல்காரங்க வச்சிருப்பாங்க" என்றேன், ஆறுதலுக்கு.

"ரெண்டாவது படத்துல வேற பூ இருக்கு. தெனமும் புதுசு."

ஆறுதல் சொல்வது என் வேலை இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அக்கா தலையணைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் படத்தைப் பெரிதாக்கினார். கடலை மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். அது நல்ல அறிகுறி.

"கயித்துப் பக்கத்துல பச்சையா இருக்கே, இது என்ன?"

"சின்ன மீனு மேடம். அந்தக் கடல்ல கலர் கலரா இருக்கும்."

"மீனுக்குக் காம்பு இருக்குமா?"

நானும் பிரகதீஸ்வரியும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். இருந்தது. ஓரம் ரம்பம் ரம்பமாகவும் இருந்தது.

"வேப்பிலை" என்றார் அக்கா. "கல்யாணக் கங்கணத்துல வேப்பிலை வைக்க மாட்டாங்க. தலகாணில கெடக்குறது செவ்வரளி. எந்தப் பொண்ணு அரளிப்பூவைத் தலையில வச்சுக்கும்? இது கல்யாணம் இல்ல. மாரியம்மன் கோயில் காப்பு. ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி உங்க ஆளு எங்க போனாரு?"

"ஆத்தாகிட்டத் திருநீறு பூசிக்கிட்டு வாரேன்னு செவ்வாக்கெழமை சாயங்காலம் இலுப்பந்தோப்புக்குப் போனாரு. மறுநாள் ஃப்ளைட்டு."

"செவ்வாக்கெழமை சாயங்காலமா!" அக்கா நெற்றியில் தட்டிக்கொண்டார். "அந்த ஊர்ல மழையால தள்ளிப்போன திருவிழாவுக்கு அன்னிக்குக் காப்புக் கட்டியிருக்காங்க. வெளிநாட்டு டிக்கெட்டக் கையில வச்சிருக்கிறவன் அன்னிக்கு ஊர் எல்லைப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா? நேராப் போய் மாட்டியிருக்காரு."

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருந்தவர்கள், திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும் வரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். பொழுது சாய்ந்தால் ஊர் திரும்பிவிட வேண்டும். ஆவூரில் மாதாவைக் கும்பிடும் குடும்பத்தில் பிறந்த எனக்கே இது தெரியும். இதற்கு பயந்து அவசர அவசரமாக பஸ் ஏறிய மாப்பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

"அப்ப அவரு அந்தத் தீவுலயே இல்லையா?" என்றாள் பிரகதீஸ்வரி.

"இருக்க முடியாது. ஊர்லதான் ஒளிஞ்சிருக்கணும்" என்றார் அக்கா.

"கெணறு!" என்று நான் கத்தினேன். "அந்தப் பக்கம் ஒவ்வொரு தோட்டத்துலயும் குளம் மாதிரி கெணறு இருக்கும்க்கா. சிலிண்டரக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கிப் படம் எடுத்திருக்காரு. மீனு, அந்தக் கடைப் பக்கம் எல்லாமே கம்ப்யூட்டர்ல பண்ணுனது. அவரு வேலையே அதுதானே!"

அக்கா மறுக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிரகதீஸ்வரி மட்டும் பெருமைப்படவில்லை. "அவரு கெணத்துல இருந்துக்கிட்டு என்னை ஏமாத்தியிருந்தா, கல்யாணத்த நான் நிறுத்திடுவேன். நெசமாவே காப்ப மீறிப் போயிருந்தா எங்கப்பா நிறுத்திடுவாரு. சாமிகுத்தம் உள்ள வீட்டுல பொண்ணக் குடுக்க மாட்டேன்னுடுவாரு. எனக்கு அவரப் புடிக்கும் மேடம். ரொம்பப் புடிக்கும்."

"அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது. அவரே பாவம். சொந்தக்காரங்க கடலைக்காட்டுல காவலுக்கு ஆள் இல்லைன்னு பொழுது சாஞ்சா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுறாரு. பகல் பூரா தூங்குறாரு."

அக்கா இன்னொரு கடலை மிட்டாயை எடுத்தார். எடுத்தவர் வாயில் போடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கெளம்புங்க" என்றார்.

ஆலங்குடி வழியாகக் கீரமங்கலம் பஸ். ஜன்னலோரம் அக்கா, நடுவில் பிரகதீஸ்வரி, விளிம்பில் பாதி உடம்பு வெளியே தொங்க நான். துப்பறியும் நிறுவனத்தில் எனக்குள்ள இடமும் ஏறக்குறைய அதுதான். கீரமங்கலத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து இலுப்பந்தோப்பு போய்ச் சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். ஊர் நுழைவில் வேப்பிலைத் தோரணம், சீரியல் லைட்டில் சூலம் பிடித்த அம்மன்.

"முதல்ல கெணறு" என்றேன்.

சூர்யபிரகாஷ் வீட்டுத் தென்னந்தோப்பு ரோட்டோரத்திலேயே இருந்தது. பிரகதீஸ்வரி நிச்சயத்தன்று பார்த்திருக்கிறாள், வழி காட்டினாள். கிணறும் இருந்தது. நான் சொன்னது போலவே குளம் அளவுக்குப் பெரிய கிணறு. குனிந்து டார்ச் அடித்தேன்.

அடியில் கருவேலஞ்செடி முளைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழைய டிராக்டர் டயர் கிடந்தது. டயர் மேல் ஒரு ஓணான் உட்கார்ந்து என்னையே பார்த்தது. கிணறுகள் வற்றி எல்லோரும் போர்வெல்லுக்கு மாறிப் பல வருஷம் ஆகிவிட்டதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"இதுல டைவ் அடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான்" என்றார் அக்கா. அவர் ஜோக் அடிப்பது அபூர்வம். அடித்தால் அது என்னைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

அப்போது கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி முழங்கியது.

"மாப்ள! அந்தப் பாறைக்குப் பின்னாடி என்னமோ போச்சே, அத மறுக்கா போடுங்க! இங்கிட்டுப் பொம்பளைங்க பாக்கலையாம்!"

பிரகதீஸ்வரி விறைத்து நின்றாள். "மேடம். இது எங்கப்பா குரல்."

ஓடினோம்.

மாரியம்மன் கோயில் திடலில் ஊரே உட்கார்ந்திருந்தது. பாய், தலையணை, முறுக்கு, கைக்குழந்தைகள். வழக்கமாகப் பாட்டுக் கச்சேரிக்காகக் கட்டும் மேடையில் பெரிய எல்இடி திரை. திரை முழுக்க நீலக் கடல். பவளப்பாறைகளுக்கு நடுவே கிளிப்பச்சை நிறத்தில் வாட்டசாட்டமாக ஒரு மீன் எதையோ கொறித்துக்கொண்டு போனது.

"இது கொழம்புக்கு ஆகுமா?" என்று முன்வரிசையில் ஒரு அம்மா கேட்டார்.

"வறுக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னார் பக்கத்திலிருந்தவர்.

திரைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தவர் செல்லமுத்து. கடலைக்காட்டுக்குக் காவல் போனவர். பிரகதீஸ்வரியின் அப்பா.

மகளைப் பார்த்ததும் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். "ஐயையோ, பாப்பா!" என்ற சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்டிருக்கும்.

ஊர்ப் பெரியவர் அடைக்கலம் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, மணிக்கட்டில் அதே மஞ்சள் கயிறு. அக்கா நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் ஒளிக்கவில்லை. சொல்லப்போனால், தன் மூளையைக் காட்ட ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

"காப்புக் கட்டி முடிச்சதும் பையன் வந்து ஓன்னு அழுதான்ங்க. விடிஞ்சா ஃப்ளைட்டுங்கிறான். ராத்தங்கக் கூடாதுங்கிறதுதான கட்டுப்பாடு? நல்லா யோசிச்சுப் பாத்தேன். நமக்கு ராத்திரின்னா அங்க பகல். நம்ம ராத்திரியில அவன் ஒறங்காம முழிச்சிருந்தான்னா, அது எப்படி ராத்தங்கலாகும்? அங்க அவன் முதுகு சாய்க்கிறப்ப நமக்குப் பகல். பகல்ல எவன் எங்க கட்டைய நீட்டுனா அம்மனுக்கு என்ன?"

"ஃப்ளைட்டுல போன ராத்திரி?" என்றேன்.

"வானத்துக்கு ஏதுத்தா ஊர் எல்லை?"

இந்த மனிதர் கோர்ட்டில் இருக்க வேண்டியவர். எந்தக் கூண்டில் என்பதுதான் சந்தேகம்.

"ஆனா முழிச்சிருக்கான்னு அம்மனுக்குத் தெரியணும்ல? அதான், பொழுது சாஞ்சா சந்நிதிக்கு வீடியோ கால் போட்டுடணும், விடியிற வரைக்கும் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். வெளிய சொல்லக் கூடாதுன்னும் சத்தியம் வாங்கிட்டேன். தெரிஞ்சா சிங்கப்பூர்ல இருக்கிற பயலுகல்லாம் இதே சாக்கச் சொல்லுவானுக. முதல் நாள் சின்ன போன்லதான் பாத்தோம். அப்புறம் சனம் நெருக்குது. அதான் பெரிய திரை."

சுடர்விழி அக்கா பிரகதீஸ்வரியின் தோளில் கை வைத்துக் கோயிலுக்குள் கைகாட்டினார்.

"ராத்திரி பூரா உங்க ஆளு இன்னொருத்திகூடப் பேசிக்கிட்டு இருந்தது உண்மைதான். அங்க உக்காந்திருக்கா பாருங்க. மாரியம்மன். தலகாணி மேல இருந்ததும் அவ படம்தான். ரூமைப் படம் எடுக்குறப்ப சாமி படத்தை எடுத்து வச்சிருக்காரு, பூவை எடுக்க மறந்துட்டாரு. ஆனா ஒண்ணு, அவரு ஊர்ல ஒளிஞ்சிருக்காருன்னு நான் சொன்னது தப்பு."

"கெணறும்தான்க்கா" என்றேன், நேர்மையாக.

பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மோதிரத்தை எடுத்து விரலில் மாட்டிக்கொண்டாள். அடுத்த கணமே அப்பா பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டது.

"நீங்க எப்படிப்பா இங்க?"

செல்லமுத்து மைக்கை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். "பெரியவர்கிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டு மாப்ள எனக்கு மட்டும் போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டாரு பாப்பா. சாமிகுத்தமாச்சேன்னு எனக்கு ஆங்காரம். சம்பந்தமே வேணாம்னு சொல்லத்தான் வண்டிய எடுத்துக்கிட்டு வந்தேன். வந்தா, திரையில ஒரு மீனு. மூஞ்சி முழுக்க முள்ளு. பந்து மாதிரி உப்புது. சரி, இது போகட்டும், அப்புறம் சண்டை போடுவோம்னு உக்காந்தேன். அப்புறம் ஒண்ணு வந்துச்சு, மனுசன் உசரத்துக்கு விலாங்கு..." நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பாண்டிச்சேரியில நீங்க உள்ள போறப்பல்லாம் கரையில நின்னு, உள்ள என்னதான் இருக்கும்னு தவிச்சுக்கிட்டு இருப்பேன். இப்பத்தான் பாத்தேன். நீ பாக்க வேண்டியத நான் முந்திக்கிட்டுப் பாத்துட்டேன். அதான் ஒங்கிட்டச் சொல்ல வாய் வரல."

அந்த இடத்தில் எனக்கு ஜோக் எதுவும் தோன்றவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

திரையில் படம் மாறியது. மீன் போய், வெயிலில் பளபளக்கும் கடல் வந்தது. மரப்பாலம் ஒன்றின் நுனியில் யாரோ போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பாலத்துக்குக் கீழே தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள் வெடித்துக்கொண்டிருந்தன.

"இது என்ன?" என்றார் அக்கா.

"மாப்ள இன்னொரு தரம் கீழ போயிருக்காரு" என்றார் செல்லமுத்து. "தண்ணிக்குள்ள போன் ஆகாதுல்ல? அதுவரைக்கும் டைவிங் கடைப் பையன் புடிச்சுக்குவான். குமிழி வந்துக்கிட்டு இருந்தா முழிச்சிருக்காருன்னு அர்த்தம். மேல வந்து, கீழ எடுத்த படத்தப் போட்டுக் காட்டுவாரு."

ஊரே குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவரும் கண்கொட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புத் தலை ஒன்று மேலே வந்தது. சூர்யபிரகாஷ் ஏணியில் ஏறி, முகமூடியை நெற்றிக்குத் தள்ளி, சிரித்துக்கொண்டே போனை வாங்கினான். திரையில் அவன் முகம் ஒரு லாரி அளவுக்குத் தெரிந்தது. அப்படியே அந்தச் சிரிப்பு உறைந்தது.

இங்கே மேடையில், கேமராவுக்கு நேரே, மைக்கோடு, பிரகதீஸ்வரி நின்றிருந்தாள்.

"பிரகதி... நான் சொல்லணும்னுதான்... ஊர்ல சத்தியம்..."

"ஒரே ஒரு கேள்வி" என்றாள். "எப்படி இருந்துச்சு?"

நல்ல புத்தி உள்ளவன் எவனாக இருந்தாலும் நீ இல்லாமல் ஒன்றுமே நன்றாக இல்லை என்று சொல்லியிருப்பான். அவன் அம்மனுக்குக் காப்புக் கட்டியவன். பொய் சொல்ல முடியவில்லை போலிருக்கிறது.

"ரொம்ப சூப்பரா இருந்துச்சு" என்றான்.

திடல் முழுக்க "ஐயோ" என்றது. அடைக்கலம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பிரகதீஸ்வரி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எந்தக் கல்லுல எறங்கணும்னு பாத்துப் பாத்துத் திட்டம் போட்டவ நான். நீங்க பாத்தீங்க. எங்கப்பா பாத்தாரு. இந்த ஊர்ல கைக்கொழந்தைகூடப் பாத்துருச்சு. என் தேனிலவ நான் ஒருத்திதான் பாக்கல. எனக்கு எவ்வளவு ஆத்தாமையா இருக்கு தெரியுமா?"

யாரும் முறுக்கைக்கூடக் கடிக்கவில்லை.

"ஆவணியில கல்யாணம். அதுல மாத்தம் இல்ல. ஆனா அடுத்த தடவ அந்தத் தீவுக்கு நான் மட்டுந்தான் போவேன். நீங்க இதே ஊர்ல, இதே எடத்துல உக்காந்து, ராத்திரி பூரா கண்ணு மூடாம என் குமிழியப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

பெண்கள் பக்கமிருந்து குலவைச் சத்தம் கிளம்பியது. அம்மனுக்கு இடும் குலவையைவிட அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்று எனக்குத் தோன்றியது.

"ஊர் ஒத்துக்கிடுது!" என்றார் அடைக்கலம்.

பதில் சொல்ல வேண்டியவன் ஊரைப் பார்த்தான், மாமனாரைப் பார்த்தான். போனைக் கடைப் பையன் கையில் திணித்தான். முகமூடியை இழுத்து மாட்டிக்கொண்டு, குழாயைக் கடித்துக்கொண்டு, மரப்பாலத்திலிருந்து தொபீரென்று கடலில் குதித்தான்.

திரையில் நீலத் தண்ணீர் மட்டும் இருந்தது. ஊரே கழுத்தை நீட்டிக்கொண்டு பார்த்தது. மெல்ல ஒரு குமிழி வந்தது. பின்னாலேயே கொத்துக் கொத்தாக வந்தன.

"குமிழி வருது" என்றார் செல்லமுத்து, நிம்மதியாக. "மாப்ள முழிச்சுத்தான் இருக்காரு."

"இனிமே அவருக்குத் தூக்கம் ஏதுங்க?" என்றேன் நான்.